ஆடாத கம்புகள்

என் கண்ணை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. என்னுடன் நிர்மலும் இருந்தான்.

அண்ணனூரில் வாடகை அறையில் இருக்கிறேன். பகலில் வேலை, மாலையில் பூந்தமல்லியில் கணக்கியல் வகுப்பு. நிர்மலும் அதே வகுப்புதான், ஆவடிக்காரன். அன்று ஆறரை மணிக்கு இறுதித் தேர்வு. விடாத மழையில் பெரிய சாலையில் வண்டிகள் நகரவில்லை. அதனால் அவன் பைக்கைக் கூவத்தின் தரைப்பாலத்துப் பக்கம் திருப்பினான். எந்தப் பாலம் என்று எழுதமாட்டேன். சரிசெய்த பிறகு இன்றும் அதில் ஆட்கள் போகிறார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிவிட்டால், ஊர்க்காரர்கள் இரண்டு ஓரமும் சவுக்குக் கம்பு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கம்புகளுக்கு நடுவே சிமென்ட். வெளியே ஆறு. ஒருவர் தடியால் தட்டிக்கொண்டே முன்னால் நடப்பார். வண்டிகள் அவர் பின்னால் போகும்.

நாங்கள் போனபோது தூறல். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர் பாலத்தை மூடி ஓடியது. கம்புகள் வரிசையாக நின்றன. முதல் கம்பின் அருகே ஒருவர், கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

"அண்ணாத்தே, வண்டி போவுமா?" என்று நிர்மல் கேட்டான்.

"வா... என் பின்னாலயே வா."

அவர் திரும்பவில்லை.

போலீஸ் தடுப்பு ஒன்று புதரில் சாய்ந்து கிடந்தது. வெள்ளம் என்றால் கரையில் வேடிக்கை பார்க்க எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அன்று ஒருவர்கூட இல்லை.

"நிர்மல், வேணாம். சுத்திப் போயிடலாம். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது."

"முட்டிக்கால் தண்ணிக்கு இன்னாத்துக்கு நீச்சல்? படிக்கலன்னு சொல்லேன், ஊட்டுக்கே திரும்பிக்கலாம்."

நான் படித்திருந்தேன். ஆனாலும் அவன் சொன்னது உண்மையோ என்று ஒரு சந்தேகம். தேர்வுப் பயம்தான் இப்படி யோசிக்க வைக்கிறதோ? வாயை மூடிக்கொண்டேன்.

பைக் இறங்கியது. சைலன்சர் முங்கி, குபுகுபுவென்று சத்தம். முன்னால் அவர் தடியைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

டக்... டக்... டக்...

காய்ந்த தரையில் தட்டுவது போன்ற சத்தம்.

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். காலை ஊன்றி ஊன்றி ஓட்டிய நிர்மலுக்குத் தண்ணீர் முழங்கால் வரை. இரண்டடி முன்னால் நடக்கிற அவருக்குக் கணுக்கால் வரைதான். பாலம் மேடாகிறதோ என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்துக்கு நாங்கள் போனோம். அங்கேயும் நிர்மலுக்கு அதே முழங்கால்.

கம்புகளைப் பார்த்தேன். ஓடும் தண்ணீரில் நட்ட கம்பு நடுங்கும். அதைச் சுற்றித் தண்ணீர் சுழிக்கும். இவை ஆடவே இல்லை. தண்ணீர், அங்கே எதுவும் இல்லாததுபோல் ஓடியது.

"நிர்மல், நிறுத்து."

"பாதி ஆத்துல நிறுத்த சொல்ற, லூசா நீ?"

"நிறுத்துடா!"

கத்திக்கொண்டே குதித்தேன். பைக் தடுமாறி, இன்ஜின் அணைந்தது.

முன்னால் அவரும் நின்றார். திரும்பவில்லை. தடி மட்டும் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

டக்... டக்...

என் கையில் நீலப் பூப்போட்ட குடை இருந்தது. முன்சக்கரத்துக்கு ஒரு அடி முன்னால் ஊன்றினேன்.

தரை இல்லை.

குடை கைப்பிடி வரை இறங்கியது. அடுத்த நொடி யாரோ பிடுங்கியது போல் கையை விட்டுப் போனது.

நிர்மல் பார்த்தான்.

"தள்ளு... பின்னால தள்ளு..."

பைக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாக்கில் நடந்தோம். அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் அசையவே இல்லை.

ஆனால் சத்தம் வந்தது.

டக்... டக்...

எங்களோடு. ஒவ்வொரு அடிக்கும்.

பக்கத்தில்...

இன்னும் பக்கத்தில்...

காலில் கரை தட்டியதும் ஒரு கணம் குனிந்தோம். சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தோம். தண்ணீர் மட்டும்தான்.

ஆளும் இல்லை. கம்பும் இல்லை.

சாலையோர டீக்கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஏகாம்பரம் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"அறிவு கீதா உங்களுக்கு? மதியமே பாலம் நடுவுல புட்டுகினு போச்சு. நாங்கதான தடுப்ப குறுக்க வச்சோம். எவன் நவுத்தனது?"

"கம்பு நட்டிருந்துச்சேண்ணே..." என்றேன்.

"ஒடஞ்ச பாலத்துக்கு எவம்மா கம்பு நடுவான்? இந்த வாட்டி நாங்க நடவே இல்ல."

தேர்வு போனது. நானாகவே எதையோ கற்பனை செய்துகொண்டேனா என்று நிர்மலிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். தட்டும் சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு நிர்மல் மட்டும் அங்கே போனான். கரையிலிருந்தே எனக்கு போன் செய்தான். எப்போதும் கிண்டலோடு தொடங்குகிறவன், அன்று நேராக விஷயத்துக்கு வந்தான்.

"உன் குடை கீது, அகல்யா."

"எங்க?"

"பாலம் ஒடஞ்ச எடத்துல. சேத்துல நட்டு வச்சிகீது. நுனியில செவப்புத் துணி."

ஊர்ப் பையன்கள் யாராவது செய்திருப்பார்கள் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

"நானும் அப்டிதான் நெனச்சேன்... ஆனா சுத்தி எங்கயும் ஒரு காலடிகூட இல்ல."