பீடோங்கிலிருந்து பேசுறேன்

என் அப்பா வீட்டில் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அம்மா சொல்வார். "சாவி எங்க", "சரி", "போதும்" என்கிற சொற்களை வைத்துக்கொண்டே வாரம் முழுவதையும் ஓட்டிவிடக்கூடிய மனிதர். அப்படிப்பட்டவர் பேசுவதற்கென்றே பரீட்சை எழுதி, பேசுவதற்கென்றே அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் மாமா கடைசிவரை நம்பவில்லை.

எல்லாம் ஒரு வெள்ளத்தில் ஆரம்பித்தது. அப்பா கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மழையில் பாலம் மூழ்கிப்போய், லோரியை மேட்டில் நிறுத்திவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறார். எல்லார் ஃபோனும் செத்துப்போன நேரம். அங்கே ஒரு ஆள் மட்டும் கையில் ஒரு சின்ன ரேடியோ செட்டை வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவரோடு சாவகாசமாகப் பேசிப் படகையே வரவழைத்துவிட்டாராம். அது அமெச்சூர் வானொலி, சம்பளம் இல்லாமல் ஆசைக்காகச் செய்கிறார்கள் என்று அப்பா தெரிந்துகொண்டார். சரி, அந்த ஆளிடம் பெயரையாவது கேட்டாரா? இல்லை. கூச்சம்!

வீட்டுக்கு வந்து ஃபோனில் தேடித் தேடித் தானே படித்தார். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்டு முடித்துவிட்டு வந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பார், அப்பா மலாயில் பதில் சொல்வார். முதல் தடவை ஊத்திக்கொண்டது. அடுத்த தடவை பாஸ். எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புக் குறி கொடுத்தார்கள். உலகத்திலேயே அது அவர் ஒருவருக்குத்தானாம். லைசென்ஸுக்குச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். நான் பள்ளியில் போய், எங்கப்பா உலகத்தோடயே பேசுறாரு என்று கொஞ்சம் தாராளமாகவே அளந்துவிட்டேன்.

கூரையில் கம்பம் நட்டு, வயர் இழுத்து, செட்டைப் பின்பக்க ஸ்டோர் அறையில் வைத்தார் அப்பா. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலியோரம் வந்து, இதில் சந்தா கட்டாமல் பந்து விளையாட்டு வருமா என்று ஆசையோடு விசாரித்தார். அந்த வாரமே ஆயுத பூஜை வந்ததால் லோரிக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் செட்டுக்கும் கிடைத்தன. ஒன்றே ஒன்றுதான் குறை. செட்டைப் போட்டால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஓயாத இரைச்சல்.

"இந்தக் கர்மத்தை நிப்பாட்டுறீங்களா இல்லையா?" என்று அம்மா கத்த, அப்பா அந்தக் குட்டிப் பொத்தான்களை நாள் முழுக்க நோண்டினார். எதையோ மாற்றினார். இரைச்சல் சுத்தமாக நின்றது. அந்த அமைதியைத் தானே பெற்றெடுத்தவர் போல எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

எங்கள் ஊருக்கு மேலேயே குனோங் ஜெராய் மலை. உச்சியில் இருக்கும் ஒரு கருவி, கீழிருந்து வரும் குரலை வாங்கிக் கெடா மாநிலம் முழுக்கத் திருப்பி அனுப்பும். அப்பா தினமும் வேலை முடிந்து தேத்தண்ணி குடித்த கையோடு செட்டுக்கு முன்னால் உட்காருவார். அழைப்புக் குறியைச் சொல்லி, "பீடோங்கிலிருந்து பேசுறேன், யாராவது இருக்கீங்களா?" என்று மலாயில் கேட்பார். காத்திருப்பார். கிணற்றில் போட்ட கல்தான். செட்டில் ஒரு பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும். அது என்னப்பா என்று கேட்டேன். பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம் என்றார்.

போகப் போகக் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். மலாய் நின்று, உள்ளே முணுமுணுவென்று தமிழ் கேட்டது. என்ன பேசுகிறார் என்று ஒன்றும் விளங்காது. இடையிடையே சிரிப்பு வேறு! அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"பொண்டாட்டி பிள்ளைகிட்ட பேசாத மனுசன், சுவத்துக்கிட்ட உக்காந்து சிரிக்கிறாரே" என்று மாமாவிடம் ஃபோனில் அழுதார். அன்றைக்கே அப்பாவுக்குக் கெடுவும் வைத்தார். "இங்க பாருங்க. தீபாவளி முடியறதுக்குள்ள அந்தப் பெட்டியில இருந்து ஒரு குரலாச்சும் எனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா செட்டைக் குடுத்திடணும். கம்பத்துல நான் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்குவேன்."

அப்பா "சரி" என்றார். ஆனால் அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்கும் கவலையாகிவிட்டது. பள்ளியில் வேறு உலகத்தை அளந்து வைத்திருந்தேன் அல்லவா.

தீபாவளிக்கு முதல்நாள் மாலை, அப்பாவுக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அம்மா அனுப்பியபோதுதான் அவர் பேசுவதை நேரில் கேட்டேன். தீபாவளிக்கு வீட்டைத் திறந்துவைத்து நாலு இனத்தையும் சாப்பிடக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். கூப்பிடாமல் விட்டால் குற்றமாகிவிடும். அப்பா காற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாமான் குடியிருப்பின் பெயர், லோரோங் சந்து, மஞ்சள் கேட் என்று எல்லா அடையாளமும் சொல்லி, "யாராச்சும் இருந்தா குடும்பத்தோட வாங்க. இருக்கமாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று முடித்தார். பச்சை விளக்கு படபடவென்று எரிந்தது. பேட்டரி இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் எண்ணெய்க் குளியல் முடிந்து, மாமா குடும்பமும் நாங்களுமாகச் சாப்பிட்டு எழுந்த நேரம். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஏழெட்டு. ஒவ்வொரு கார் தலையிலும் தூண்டில் குச்சி மாதிரி ஏரியல் ஆடிக்கொண்டிருந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர், தொப்பி போட்ட பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள். ஐயோ, என்ன கூட்டம்! முன்னால் வந்த ஒரு தமிழ்ப் பெண், அப்பாவின் அழைப்புக் குறியைச் சத்தமாகச் சொல்லி, "இந்த வீடுதானே?" என்றார். கோலா கெத்திலில் துணிக்கடை வைத்திருப்பவராம். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

"அண்ணே, தினமும் நாங்க பதில் சொல்றோம்லா! நீங்கதான் கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க!" என்றார் அந்தப் பெண்.

"என்னா பதில்?" என்றார் அப்பா.

துணிக்கடை ஆண்ட்டி ஸ்டோர் அறைக்குள் நுழைந்து செட்டைக் கையில் எடுத்தார். இரண்டு பொத்தானைத் தட்டியதுமே தலையில் அடித்துக்கொண்டார். மலைமேல் இருக்கும் கருவி திறக்க வேண்டுமானால் நம் குரலோடு ஒரு மெல்லிய ஓசையும் சாவி மாதிரி சேர்ந்து போகவேண்டும். இரைச்சலை நிறுத்தப்போன அப்பா, அதே சாவியோடு வருகிற குரலை மட்டும்தான் உள்ளே விடவேண்டும் என்று தன் செட்டுக்கும் உத்தரவு போட்டிருந்தார். மலையிலிருந்து வரும் குரலோ சாவியெல்லாம் எடுத்துக்கொண்டு வராது. அப்பா பேசுவது ஊருக்கே கேட்டிருக்கிறது. ஊர் பேசியது அப்பாவுக்குக் கேட்கவில்லை. பேட்டரி விளக்கு என்று நாங்கள் நினைத்தது, ஆள்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

"வாசலுக்குப் போடுற பூட்டைக் காதுக்குப் போட்டிருக்கீங்களேண்ணே!" என்று சொல்லி ஆண்ட்டி இன்னொரு பொத்தானை அழுத்தினார்.

செட் வாயைத் திறந்தது. ஓர் ஆண்குரல், மலாயில், மூச்சிரைக்க: யான் ஊரிலிருந்து வருகிறேன், பீடோங் பசாரைத் தாண்டிவிட்டேன், தீபாவளி வீட்டுக்கு எந்தச் சிம்பாங்கில் திரும்பவேண்டும்?

அப்பாவின் காதில் விழுந்த முதல் குரல், அவர் வீட்டுக்கே வழி கேட்டது! அப்பா செட்டைப் பிடுங்கிக்கொண்டார். "நேரா வாங்க, சுராவ் பள்ளிவாசல் வரும், அடுத்த சிம்பாங்ல இடது பக்கம், கூரையில கம்பம் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் குதித்த குதியில் புதுப் பாவாடை கிழிந்தது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா, "சரி சரி, துணிக்கு வேற இடம் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனவருக்குத் தலைக்கு மேல் வேலை. பத்துப் பேருக்கு வைத்த கறி. அம்மா உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டார். மாமா ரொட்டி வாங்க ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் பானையோடு சோற்றைக் கொண்டுவந்தார். யான்காரர் தன் வயலில் விளைந்த அரிசியில் ஒரு மூட்டையும், கூடவே ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியும் கொடுத்தார். முட்டிக்குத் தேய்க்கவாம்.

அம்மா திகைத்துப்போனார். "எனக்கு முட்டி வலின்னு இவருக்கு யாரு சொன்னா?"

"அண்ணன்தான் சொன்னாரு" என்றார் துணிக்கடை ஆண்ட்டி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "அவரு தமிழ்ல பேசி முடிச்சதும் நான்தான் மத்தவங்களுக்கு மலாயில சொல்லுவேன். கெடாவுக்கே தெரியும்க்கா உங்களை."

அம்மாவின் கரண்டி நின்றது. போச்சு, இன்றைக்கு அப்பா தொலைந்தார் என்று நான் நினைத்தேன்.

"வேற என்ன சொன்னாரு?"

"எங்க வீட்டுல ராத்திரி ஷிஃப்டு முடிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாளே, இந்த லைசென்ஸ் அவளோடதுன்னாரு. உங்க புளிச்சாதத்தை மில்லுல லோரி வரிசையில நிக்கிறப்போ பிரிச்சா, வரிசை நகரவேணாம்னு இருக்குமாம்."

"வேற?"

"இதையெல்லாம் அவகிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்குதுன்னாரு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிளகாய் நெடி என்று மூக்கைச் சிந்தினார். அடுப்பில் அப்போது பாயசம்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை கூட்டம் கலைந்ததும் பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டு விஷயத்தை ஊருக்கே சொன்ன மனிதரை அம்மா எப்படிச் சும்மா விட்டார் என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் யாராவது ஏரியல் காரில் வந்துகொண்டேயிருந்தார்கள். அப்பா லோரியிலும் ஒரு செட் மாட்டினார். ஆள்கள் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவர் பேச்சு மழை, சிக்னல், கம்பத்தின் உயரம் என்று மாறிப்போனது.

அடுத்த வருஷம் அம்மா பரீட்சை எழுதினார். இந்தத் தடவை காய் நறுக்கியது அப்பா, கேள்வி கேட்டதும் அப்பா. முதல் தடவையே பாஸ்! ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் பேசிக்கொள்ள எதற்கு லைசென்ஸ், ஃபோன் இல்லையா என்று நான் கேட்டதற்கு, "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றார் அம்மா.

அவர் லைசென்ஸ் வந்த அன்று மத்தியானம், மில் வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வழக்கம்போல யாராவது இருக்கீங்களா என்று கேட்டது. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தன் அழைப்புக் குறியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"நான் இருக்கேன். கேக்குது. சொல்லுங்க."

செட்டில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லோரிக்கு முறை வந்துவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் அப்பா பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் டிவி பார்க்கப் போய்விட்டேன்.