ஓடு உடையாத அடி

வாசல் இல்லாத ஒரு பெட்டி. கீழே விழுந்தாலும் மேலே கீறல் படாது. உள்ளே இருப்பது கலங்கினால் எட்டிப் பார்க்க வழி கிடையாது. அது என்ன? யோசித்துக்கொண்டே படியுங்கள். விடையைக் கடைசியில் ஒருவன் சொல்வான்.

சடுகுடு நடுவர் வேலை என்பது, இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து திட்டுவதற்கு ஒரே ஆளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கோடை விடுமுறை வந்துவிட்டால் புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தயம் என்றாலும் விசிலோடு என்னைக் கூப்பிடுவார்கள். நீங்களும் எங்காவது ஒரு பொட்டலில் விசில் ஊதியவர் என்றால், இனி வருவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பாட்டுக்காரர்

ஆவூர்ப் பக்கத்துச் சவரிமுத்துவை நான் முதலில் பார்த்தது ஈஸ்டருக்கு அடுத்து நடந்த ஒரு பந்தயத்தில். ஏறிப் போகிறவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்க்கட்சிக்காரரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மற்றவர்கள் வெறும் ‘சடுகுடு’ சொல்வார்கள். சவரிமுத்து தானே கட்டிய நாலு வரியைப் பாடிக்கொண்டு போவார்.

ஆத்து மணலெடுத்து அளந்து கோட்டை கட்டி
காத்தை மடியில் கட்டிக் கடந்து வாரேன்டா
பாத்துப் பிடிங்கடா பனங்காட்டுப் பிள்ளைகளா
சேத்துல விழுந்தாலும் செவந்து வருவேன்டா

அன்றைக்கு ஏழெட்டுப் பேர் அவர் மேல் விழுந்து அமுக்கினார்கள். தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மணமேல்குடிக் கடற்கரை என்றால் மணல் தாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கத்துச் செம்மண் வெயிலில் காய்ந்தால் சிமெண்டுத் தரைதான். சவரிமுத்து கண்மூடிக் கிடந்தார். அவர் கட்சித் தலைவர் கருப்பையா ஒரு கோலி சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். சவரிமுத்து எழுந்து உட்கார்ந்ததும் கூட்டம் கைதட்டியது. கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள் என்று கருப்பையாவிடம் சொன்னேன்.

“சோடா ஒடைச்சாச்சுல்ல சார். இன்னும் என்ன உக்காருறது?”

கேள்வியும் பதிலும்

இதற்குப் பிறகு நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தலையில் அடிபட்டவரிடம், இன்று எந்த ஊரோடு ஆட்டம், யார் முன்னிலை என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் ஆடலாம். அடுத்த பந்தயத்திலேயே சவரிமுத்து மறுபடி விழுந்தார். கேட்டேன். அவர் என் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைச் சுற்றி நின்ற ஊரே எனக்குப் பதில் சொன்னது. ஊர் பெயர், எண்ணிக்கை, அவர் தகப்பனார் பெயர் வரைக்கும் சொன்னார்கள். நான் கேட்டது அவரை என்றேன்.

“அவரு சொன்னா என்ன, நாங்க சொன்னா என்ன சார்? பதில் சரிதானே?”

தயிர்ச் சட்டி

நான் வற்புறுத்தியதால் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பொறுமையான மனிதர். கருப்பையாவுக்குப் புரியட்டும் என்று தயிர்ச் சட்டியை உதாரணம் சொன்னார். மண்டை ஓடு சட்டி. மூளை உள்ளே உறைந்த தயிர். சட்டியைப் பிடித்துக் குலுக்கினால் சட்டிக்கு ஒன்றும் ஆகாது, தயிர்தான் உடையும். இந்த எக்ஸ்ரே படத்தில் சட்டி மட்டும்தான் தெரியும். உயிரோடு இருக்கிறவனின் தயிரைப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் திரும்பத் திரும்பக் குலுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லக் கருவி தேவையில்லை. இவர் இனி ஆடக் கூடாது என்று முடித்தார்.

கருப்பையா பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அறந்தாங்கியில் அடுத்த பந்தயம். சவரிமுத்து இடுப்பில் துண்டோடு கோட்டுக்குள் நிற்கிறார். நான் ஆட்டத்தைத் தொடங்க மறுத்தேன். கருப்பையா படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பந்தயக் கமிட்டியார் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

“நீங்களே பாருங்க சார், ஒரு கீறல் இருக்கா? புதுக்கோட்டையே சரின்னு சொல்லிருச்சு.”

குறைந்துபோன பாட்டு

மறுவருடம் நாலாவது வரி காணாமல் போயிற்று. அதற்கடுத்த கோடையில் பனங்காட்டுப் பிள்ளைகளும் போனார்கள். பிறகு ‘ஆத்து மணலெடுத்து, ஆத்து மணலெடுத்து’ என்று முதல் இரண்டு சொல்லை மட்டுமே சுற்றிச் சுற்றிப் பாடினார். அதுவும் நாக்கு தடித்தவர் சொல்வதுபோல் இருந்தது. டாக்டரிடம் இல்லாத கருவி என் காதில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்தான் இல்லை. மூச்சு அறுந்தால் ஆள் அவுட் என்று விதி இருக்கிறது. பாட்டு தேய்ந்தால் ஆளை வெளியே அனுப்பலாம் என்று விதி இல்லை. இவருக்குப் பாட்டு மறந்துவிட்டது, போதும் விடுங்கள் என்று கமிட்டியிடம் கெஞ்சினேன்.

“கச்சேரியா சார் வச்சிருக்கோம்?”

சொந்தக் கட்சி

ஒருநாள் பாடிக்கொண்டே ஏறிப்போய், ஒருவரைத் தொட்டுவிட்டு, நன்றாகவே திரும்பி வந்தார். வந்தவர் தன் கட்சி ஆள் ஒருவரின் காலைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டார். விசிலை ஊதியும் விடவில்லை. நாலு பேர் சேர்ந்து கையைப் பிரித்தார்கள். கூட்டம் சிரித்தது. சவரிமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்தார். இப்போதாவது நிறுத்துவார்கள் என்று கருப்பையாவைப் பார்த்தேன்.

“ஆளுதான் மாறிப்போச்சு சார். பிடி பழைய பிடிதான்.”

ஊதல்

அவர் மனைவி ஆரோக்கியம் ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வயலுக்குப் போன மனிதர் வழி தெரியாமல் வரப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறார் என்றார். தன்னை அவருடைய தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றார். கல்யாணமான நாளிலிருந்து கடிந்து ஒரு சொல் சொல்லாதவர், இப்போது குழம்பில் உப்பு குறைந்தால் விறகுக் கட்டையை எடுக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் அழுகிறாய் என்று அவரே கேட்கிறார் என்றார். எப்படியாவது அவரை ஆட்டத்திலிருந்து நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தார். என் பேச்சை யாரும் கேட்பதில்லை, ஆட்டக் கோட்டுக்குள் என் விசில் சத்தத்துக்கு மட்டும்தான் நிற்பார்கள் என்று உள்ளதைச் சொன்னேன்.

“அப்ப வீட்டுக்குள்ள அவரு கையை ஓங்குறப்ப, ஊதுறதுக்கு ஒங்களை எங்க சார் தேடுவேன்?”

வரிசை

சவரிமுத்துவை யாரும் நிறுத்தவில்லை. கோட்டைத் தாண்ட மறந்து நடுவிலேயே நிற்க ஆரம்பித்த பிறகு, கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த வருடம் அவர் மகன் சூசை என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு வந்தான். நல்ல ஓட்டக்காரன். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும் நாளில், முதலில் நான் சொன்ன விடுகதையைப் பிள்ளைகளிடம் போட்டேன். முட்டை என்றார்கள், தேங்காய் என்றார்கள். சூசை மட்டும் எழுந்து, “தலை” என்றான்.

ஓட்டப்பந்தயத்துக்கு ஒரு வரிசை, சடுகுடுவுக்கு ஒரு வரிசை, பிடித்ததில் போய் நில்லுங்கள் என்றேன். சூசையைத் தனியே கூப்பிட்டு, உன் கால் ஓடுகிற கால், யோசித்துப் போ என்றேன். அவன் நன்றாகவே யோசித்தான்.

“எங்கப்பா பாட்டு நாலு வரியும் இப்ப எனக்கு மட்டுந்தான் சார் தெரியும்.”

அன்றைக்கும் என் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, எப்போது ஊத வேண்டும் என்ற விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். சூசை சடுகுடு வரிசையில் போய் நின்றான்.