வெல்வெட் சோபாவில் உட்கார்ந்த அறக்கட்டளை

யாரிடமும் கையேந்தாத மனுஷன் யார் என்று அந்தத் தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் சோபாக்காரரைத்தான் காட்டுவார்கள். காட்டாவிட்டால் அவரே வந்து நிற்பார். அந்த விஷயத்தில் அவருக்குக் கூச்சம் கிடையாது. எதற்குக் கூச்சம்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. அதற்கப்புறம் ஒரு கடையில் கிழிந்த இருக்கைகளைப் பிரித்து, தூசியைத் தின்று, ஆணி பிடுங்கி, முதுகில் நாலு வாங்கி, ஊசி பிடிக்கப் பழகினார். கடைசியில் கடைக்காரரே "இனிமே உனக்குச் சொல்லித்தர என்கிட்ட ஒண்ணுமில்லடா, போய்ப் பொழச்சுக்கோ" என்று அனுப்பி வைத்தார். இன்றைக்கு ஊரில் பெரிய வீடு என்று பெயர் வாங்கிய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், அங்கே பெரிய மனிதர்களைத் தாங்கிக்கொண்டிருப்பது அவருடைய கைவேலைதான். இது பீற்றல் இல்லை. போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

வீடு என்பது இரண்டு அறை. முன்னறை பட்டறை, பின்னறை குடும்பம். முன்னறையில் எப்போதும் யாருடைய சோபாவாவது துணி உரிக்கப்பட்டு, ஸ்பிரிங்கும் பட்டையுமாக எலும்பு தெரிய நிற்கும். ஊருக்கெல்லாம் இருக்கை செய்கிறவர் வீட்டில் சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. அதன் மேல் பசை டின் உட்கார்ந்திருக்கும். குடும்பம் பின்னறையில் பாயில் உட்காரும், பாயில் சாப்பிடும், பாயில் படுக்கும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததும் அதே பாயில்தான்.

பட்டறைக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வேலை முடிந்த சோபாவில் சொந்தக்காரர்தான் முதலில் உட்கார வேண்டும். அதுவரை பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிவிடுவார். மகள் தவழ்ந்த காலத்திலேயே, விளையாட்டாக ஏறப் போனாலும், "இறங்கு, அது அடுத்தவங்க வீட்டு உக்கார்ற இடம்" என்று தூக்கி இறக்கிவிடுவார். வாடிக்கையாளர்களிடமும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "மத்த கடையில முதலாளி தூங்கி எழுந்ததைத்தான் உங்க தலையில கட்டுவான். நம்மகிட்ட அந்தப் பேச்சே இல்ல."

அப்படிப்பட்டவரின் மகளுக்குக் கட்டட வடிவமைப்புப் படிக்க நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. என் பிள்ளை, கிடைக்காமல் எங்கே போகும் என்றார் சோபாக்காரர். கட்டணத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு நின்றது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

மகளே அப்பாவைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாநிலத்துப் பிள்ளைகளுக்கென்று தனியார் கொடுக்கிற உதவித்தொகைகள் எத்தனையோ இருந்தன. சென்டர்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒன்று ஒரு குறிப்பிட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். ஒன்று விளையாட்டில் கோப்பை வாங்கியவர்களுக்கு.

"இது நல்ல தொகைங்க. ஆனா அப்பா இல்லாத பிள்ளைங்களுக்குத்தான்" என்றார் சென்டர்காரர்.

"அப்ப நான் உயிரோட இருக்குறதுதான் இவ படிப்புக்குத் தடையா?"

"அப்படி இல்லண்ணே..."

"எப்பக்குள்ள சாகணும்னு போட்டிருக்கா பாரு. கடைசித் தேதி இருக்கும்ல?"

"அப்பா, சும்மா இருங்கப்பா" என்றாள் மகள்.

கடைசியில் ஒன்று பொருந்தியது. ஒரு பணக்காரக் குடும்பம் தங்கள் தாயார் பெயரில் நடத்தும் அறக்கட்டளை. மதிப்பெண் பார்ப்பார்கள், பிறகு வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பார்கள், தேறினால் கல்லூரிக்கே பணம் போய்விடும். மகள் விண்ணப்பித்தாள். மதிப்பெண்ணில் தேறினாள். நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வருகிறோம் என்று போன் வந்தது.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றுப்போகும். மனைவி சுவரைத் தேய்த்தாள், தரையைத் தேய்த்தாள், விட்டால் புருஷனையும் தேய்த்திருப்பாள். பக்கத்து வீட்டில் பூப்போட்ட திரைச்சீலை இரவல் வாங்கி நடுக்கதவில் மாட்டினாள். அவர் வாசல் கதவுக்கு வர்ணம் அடித்தார். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், நம் பிள்ளைக்காக வருகிறார்கள். வருகிறவர்களுக்கு மரியாதை செய்வதுதானே முறை?

இரண்டு பேர் வந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. கூடவே கேமராவோடு ஓர் இளம்பெண். இருவரும் முன்னறையில் நின்று சுற்றிப் பார்த்தார்கள். அப்போதுதான் வீட்டுக்காரருக்கு உறைத்தது: வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது? பசை டின் மேலேயா?

முன்னறையில் அன்றைக்கு வேலை முடிந்த சோபா ஒன்றே ஒன்று இருந்தது. வக்கீலம்மா வீட்டுப் பழைய சோபா. மயில்கழுத்து நிறத்தில் புது வெல்வெட் போட்டு, ஒவ்வொரு பொத்தானையும் நீள ஊசியால் இழுத்துக் கட்டி, உறை போட்டு வைத்திருந்தார்.

மனைவி காதோரமாகச் சொன்னாள். "என்னங்க, அவங்கள நிக்க வச்சே பேசுறீங்களே. அதுல உக்கார வைங்க."

"அது வக்கீலம்மாவோடது."

"நம்ம பிள்ளைக்காக வந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள்."

மகள் நின்ற திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். பிறகு தம் கையாலேயே உறையை உருவினார். வாழ்க்கையில் முதல் தடவை.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்ததும் வெல்வெட் அவரை அப்படியே வாங்கிக்கொண்டது. "அடேயப்பா. சோபா பிரமாதமா இருக்கே!"

கைவேலையைப் புகழ்ந்தால் அவருக்கு வாய் தானாகத் திறந்துவிடும். "நம்ம வேலைதாங்க! இந்த மாதிரி வெல்வெட்டு இந்த ஊர்ல எவன் வீட்டுலயும் பாக்க முடியாது."

"வீட்டையும் நல்லா வச்சிருக்கீங்க."

"ஒழைப்புங்க! இந்த வயசு வரைக்கும் ஒருத்தன்கிட்ட கை நீட்டினது கிடையாது!"

திரைச்சீலைக்குப் பின்னால் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கேமராப் பெண் சோபாவைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தாள். தேநீர் குடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். அவர்கள் உட்கார்ந்த தடம் வெல்வெட்டில் இருந்தது. நீராவி காட்டித் துணித்தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்தார். தடம் போயே போய்விட்டது.

மறுநாள் மகளின் போனுக்குச் செய்தி வந்தது. குடும்பம் வசதியான நிலையில் இருப்பதால் உதவித்தொகைக்குத் தகுதி இல்லை.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அப்பா, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்து எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டைத் துடைச்சு வச்சீங்களா? உதவித்தொகைக்கா? யோவ், எங்க மச்சான் பையனுக்கு ஆள் வர்றாங்கன்னதும் நாங்க ஃபேனையே கழட்டி மறைச்சோம்யா! இருந்த நல்ல பாத்திரமெல்லாம் எங்க வீட்டுலதான் கெடந்துச்சு. நீங்க என்னடான்னா கதவுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க!"

சோபாக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏன்யா, இல்லாதவன் வீடுன்னா நாறணுமா? வந்தவனுக்கு உக்கார எடம் குடுத்தா குத்தமா? பிள்ளையோட மார்க்கைப் பாத்துக் குடுக்குறானா, எங்க வீட்டு ஒட்டடையைப் பாத்துக் குடுக்குறானா?"

"சட்டம் பேசாதீங்க. பொண்ணு படிக்கணுமா வேணாமா?"

சோபாக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே அதே கண்ணாடிக்காரர், குளிரூட்டிய அறையில். சோபா வாடிக்கையாளருடையது என்று இவர் சொன்னதும் அவர் சிரித்தார்.

"உங்க வாயாலதானே நம்ம வேலைன்னீங்க?"

"வேலை என்னோடது சார். சோபா எப்படி என்னோடது ஆகும்? பேங்க்ல நோட்டு எண்ணுறவர் வீட்டுக்குப் போனா, எண்ணின நோட்டெல்லாம் அவரோடதுன்னு எழுதிக்குவீங்களா?"

"கோபப்படாதீங்க. இங்க நெறைய பேர் இப்படித்தான் வந்து சொல்றாங்க. நாங்க எல்லாரையும் நம்ப முடியாதுல்ல?"

"பொய் சொல்றவன் பொருளை மறைச்சு வைப்பான் சார். நான் உறையை உருவி உங்களை உக்கார வச்சேன். உண்மையா நடந்தவனுக்கு இங்க மதிப்பு இதானா?"

கண்ணாடிக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. சோபா யாரோடதோ, அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள. திரும்ப வந்து பாக்குறோம்."

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் அதன் கனம் தெரிந்தது. வக்கீலம்மாவிடம் போக வேண்டும். போனால், ஏன் எழுதித் தர வேண்டும் என்று கேட்பார். கேட்டால், உங்கள் சோபாவில் முதலில் உட்கார்ந்தது நீங்கள் இல்லை என்று தம் வாயால் சொல்ல வேண்டும். தடம் போய்விட்டது, சொல்லாமல் விட்டால் எந்தக் கொம்பனுக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பேச்சு அன்றோடு காலி.

போனார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

வக்கீலம்மா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்மகிட்ட அந்தப் பேச்சே இல்லன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா. அவ்வளவு சுத்தமா எடுத்துட்டேன்." அந்த நேரத்திலும் அதை அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. "எழுதித் தர்றேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, பொண்ணு படிக்கட்டும். ஆனா துணியை மாத்திடுங்க. புதுசுன்னு சொன்னா புதுசா இருக்கணும்."

"மாத்திடுறேம்மா."

வக்கீலம்மா மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. அந்தம்மா கேட்டது அவர் போட்ட சட்டத்தைத்தான். கோபமெல்லாம் வேறு இடத்தில் கொதித்தது. கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நல்ல வெல்வெட்டைத் தம் கையாலேயே உரித்தார். ஒவ்வொரு ஆணியைப் பிடுங்கும்போதும் ஒரு வசவு. காது கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் வராமல் இருந்தார்கள்.

மறுபடியும் அவர்கள் வந்தபோது சோபா ஸ்பிரிங்கும் மரமுமாக நின்றது. மனைவி கேட்டாள், "திரையைக் கழட்டிடவா?"

"தொங்கட்டும். இரவல்தான், ஆனா நாம மாட்டினது."

கண்ணாடிக்காரர் எலும்புக்கூடாக நின்ற சோபாவைப் பார்த்தார், பின்னறையில் பாயைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒன்றுமில்லை என்பதைப் பார்த்து இத்தனை சந்தோஷப்படுகிற மனிதரை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

"இப்ப சரியா இருக்கு. ஒரு போட்டோ எடுத்துடுவோம், எங்க ஆண்டு மலர்ல போடுறதுக்கு. எல்லாரும் அப்படியே கீழ உக்காருங்க. சிரிக்க வேணாம்."

மனைவி உட்காரப் போனாள். சோபாக்காரர் நின்றார். மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா." அந்த ஒரு சொல்லில் கல்லூரி, கட்டணம், மாதக் கடைசி எல்லாம் இருந்தது. இங்கே ஒரு வார்த்தை தடித்தால் எல்லாம் போயிற்று. அது அவருக்கும் தெரியும்.

"உக்காருறோம் சார்" என்றார். "நாங்க தினமும் உக்கார்ற எடந்தான், இதுல என்ன இருக்கு. நீங்களும் உக்காருங்க."

"நாங்க எதுக்குங்க?"

"வந்தவங்கள நிக்க வச்சுட்டு உக்கார்ற பழக்கம் இந்த வீட்டுல கெடையாது. அன்னைக்கு மேல உக்கார வச்சேன், தப்புன்னீங்க. இன்னைக்குக் கீழ உக்கார வைக்கிறேன். இதுவும் தப்பா?"

குரல் உயரவில்லை. அவர் குரல் உயராத கோபத்தை மனைவியே அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று பாயை உதறி விரித்தாள். "உக்காருங்கய்யா, பாய் சுத்தமாத்தான் இருக்கு."

கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு என்ன தோன்றியதோ, இறுக்கமான கால்சட்டையை மேலே இழுத்துவிட்டு, முழங்கால் ஒரு சத்தம் போட, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேமராப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் எடுத்தாள்.

பணம் மாதக் கடைசிக்கு முன்பே கல்லூரிக்குப் போய்விட்டது. மகள் சேர்ந்துவிட்டாள். மனைவிக்கு அது போதும். தையல்காரர்கூட "கிடைச்சதுல்ல, விடுங்க" என்றார். சோபாக்காரர் விடவில்லை. எதற்கு விட வேண்டும்? பிள்ளை தன் மூளையால் வாங்கியதை, வீட்டின் வெறுமையைக் காட்டி வாங்கியதாக்கிவிட்டார்களே!

ஆண்டு மலர் தபாலில் வந்தது. படத்தில் குடும்பம் பாயில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரரை ஓரத்தில் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் வெட்டினவன் வேலை தெரியாதவன். ஒரு முழங்காலை விட்டுவிட்டான். மகள் பக்கத்தில், மடிப்புக் கலையாத துணியில், யாருடையது என்று தெரியாத ஒரு கால்.

பட்டறைக்கு யார் வந்தாலும் சோபாக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டுகிறார். "பொண்ணு காலேஜ்ல படிக்குறா. அதை அப்புறம் பாக்கலாம். இந்த முட்டி யாரோடதுன்னு மொதல்ல கேளுய்யா!"