குதிரை இல்லாத ராவுத்தர்

வியாழக்கிழமை காலை என் ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போனபோது, பக்கத்து மளிகைக் கடையின் ஷட்டர் இறங்கியே இருந்தது. டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராவுத்தரு பூட்டாரும்மா." உத்திரமேரூர் பஜாரில் காசிம் ராவுத்தரிடம் பருப்பு வாங்கிய உங்களுக்கு, அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? அவருடைய பெயரைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.

ராவுத்தர் என்றால் குதிரை வீரர். இவர் ஓட்டியதோ ஒரு கிழட்டு மொபெட். "குதிரை எங்கே?" என்று தினமும் சீண்டுவேன். "பஞ்சர் கடையில நின்னுக்கினு கீது" என்பார், சிரிக்காமல்.

எங்கள் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் காவல் நிற்கும் சாமியும் ஒரு ராவுத்தர்தான்; முத்தால் ராவுத்தர். திருவிழாவில் அந்தச் சாமியின் குதிரைக்குக் கொள்ளு படைப்பார்கள். அது காசிம் ராவுத்தர் கடையிலிருந்துதான் போகும். ஒருமுறை வெளியூர் அம்மா ஒருவர், இவரைச் சாமியின் வம்சம் என்று நினைத்துக் காலில் விழப் போய்விட்டார். "யம்மா, நான் மளிக வம்சம்!" என்று பதறி எழுந்தார் மனிதர்.

சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகன் அன்வருக்கு அந்தப் பெயர் வேறு மாதிரி. அதைக் கேட்டதுமே வீடு காலியில்லை என்று சொல்லிவிடுகிறார்களாம். போன மாதம், தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் படிவம் நிரப்ப என் கடைக்கு வந்தவன், "ரியாஸ்னு மட்டும் போடுங்கக்கா. ராவுத்தர் வேணாம்" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட வந்திருந்த ராவுத்தர்தான் என்னை அடக்கினார். "உடும்மா. புள்ளைக்கு இன்னாத்துக்குப் பேஜாரு? என்னோட போவட்டும்." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எழுதக் கை வரவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்று புளுகிவிட்டுப் படிவத்தை இழுப்பறையில் போட்டேன்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அன்வர் கடையைத் திறந்தான். கோயில் பூசாரி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"நாளைக்குக் கொடி ஏறுது தம்பி. துக்க வூட்ல கேக்கக் கூடாதுதான். ஆனா எங்க ராவுத்தரு குதிரைக்கு வேற கடைல கொள்ளு வாங்க மனசு வரல."

அன்வர் கொள்ளு மூட்டையை அவிழ்த்தான். அப்பாவைப் போலவே படியில் குவித்துக் குவித்து அளந்தான். பூசாரி போனபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அந்த ஃபாரத்த வச்சிக்கினு கீறீங்களா அக்கா? சர்வர் வந்துச்சா?"

"இப்பத்தான் வந்துச்சு" என்றேன்.

ரியாஸ் ராவுத்தர் என்று அவனே எழுதினான். பெரியவருக்குக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. நகல் ஒன்று போதும். நான் இரண்டு எடுத்தேன். ஒன்று அலுவலகத்துக்குப் போயிற்று. இன்னொன்று என் இழுப்பறையில் இருக்கிறது. ராவுத்தர் ஞாபகமாக நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.