நான்காவது வாளி

சண்முகத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. அதில் முப்பது வருஷம் புல்லைப் பிடுங்குவதிலேயே போயிற்று. கொற்கைப் பக்கம் நெல்வயல்களில் களையெடுத்த கை அது. பிள்ளைகள் படிப்புக்காகத் தூத்துக்குடிக்குக் குடிவந்த பிறகு அதே கைக்குப் புல் வளர்க்கும் வேலை கிடைத்தது. அவளுக்கே சிரிப்புதான். ஆனாலும் ஏற்ற வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வேலை, துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட்டாக இருக்கும் காசிலிங்கம் அண்ணாச்சி வீட்டில். வாசலுக்கு முன்னால் அரை சென்ட் புல்தரை. அண்ணாச்சி நல்ல மனுஷர்தான், ஆனால் மகா சிக்கனம். ஆளில்லாத அறையில் ஏசி ஓடுவதைக் கண்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

இந்தப் பங்குனியில் வெயில் முந்திக்கொண்டது. மாநகராட்சித் தண்ணீர் குறைந்தது, புல் பழுக்கத் தொடங்கியது. போர்வெல் தண்ணீர் உப்பு என்று அவளுக்குத் தெரியும், அதனால் அதைத் தொடவில்லை. குடிதண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாய்ப் போகும் தண்ணீரைச் சொட்டு விடாமல் பிடித்து, காலையும் மாலையும் ஊற்றினாள். குடிதண்ணீர் மெஷினில் வருவது கெட்டதாகவா இருக்கும்? ஊற்ற ஊற்றப் புல் காய்ந்தது. வயல்காரியல்லவா, காயக் காய இன்னும் ஊற்றினாள்.

அண்ணாச்சி ஒரு நாள் குனிந்து பார்த்தார்.

"ஏளா சண்முகத்தாயி, இது வெளங்காது. சித்திரை பத்தாம் தேதி பிளாஸ்டிக் புல் விரிக்க ஆள் வாரான். அதுக்குத் தண்ணியும் வேண்டாம், ஆளும் வேண்டாம்."

"அதுக்குள்ள பச்சையாக்கிட்டா?"

"ஆக்கு, பாப்போம்."

வேண்டாத ஆள் அவள்தான். மகள் இசக்கிச்செல்வியின் நர்சிங் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

மறுநாள் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏசிக் குழாய் சொட்டுகிற மூலையில், யாரும் கவனிக்காத புல் கொஞ்சம் கருகருவென்று நின்றது. சொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள். மழைத்தண்ணீர்போல் சப்பென்று இருந்தது. நேரே போய் ஆர்.ஓ. வாளியில் விரலை விட்டு நக்கினாள். வைத்த வேகத்தில் துப்பினாள். போர்வெல் தண்ணீரைவிட உப்பு. மெஷின் நல்ல தண்ணீரை மனிதர்களுக்கு எடுத்துவைத்துவிட்டு, உப்பையெல்லாம் சேர்த்து இந்தக் குழாயில் தள்ளுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரமாகத் தன் கையாலேயே ஊட்டிக் கொன்றிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. உட்கார்ந்து அழ நேரமில்லை.

அன்றே உப்புப் பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தாள். நான்கு ஏசிக் குழாய்களின் கீழும் வாளி வைத்தாள். பின்பக்கப் புல்லின் கொடிகளைக் கணுக்கணுவாக நறுக்கி, நாற்று நடுவதுபோல் நட்டாள். விடியுமுன் வந்து, துறைமுகத்துக் கரித்தூசி போக இலைமேல் தெளித்தாள். மாடி அறையில் ஆளில்லாததால் நான்காவது வாளி மட்டும் எப்போதும் காலி. மூன்று வாளியை வைத்தே ஓட்டினாள். இடுப்பு விட்டுப்போயிற்று, அவள் விடவில்லை.

சித்திரை பத்து. பகல் பதினொரு மணிக்கு வந்த பிளாஸ்டிக் புல்காரர் பர்னபாஸ், மாதிரித் துண்டு ஒன்றை வெயிலில் விரித்துவிட்டு வாசலை அளக்க ஆரம்பித்தார். சண்முகத்தாயின் புல் முக்கால்வாசிதான் பச்சை, இடையிடையே சொட்டை. பிளாஸ்டிக் என்னவோ குறையில்லாமல் பளபளத்தது.

"ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி," என்றாள் சண்முகத்தாய். "முன்ன புல்லைக் கொன்னது வெயில் இல்ல, நாந்தான். ஆர்.ஓ. உப்புத்தண்ணிய ஊத்திட்டேன். இப்பம் ஏசித் தண்ணில வளருது."

அண்ணாச்சி முறைத்தார். "இதை வேற சொல்லுதியாக்கும்."

"சொல்லத்தான செய்யணும். செருப்பைக் கழட்டிட்டு அந்தப் பிளாஸ்டிக்ல நில்லுங்க. பொறவு என்னைய அனுப்புங்க."

அண்ணாச்சி வீம்புக்கு ஏறி நின்றார். மூன்று எண்ணுவதற்குள் துள்ளிக் குதித்து, இதற்கென்றே அவள் சற்றுமுன் நனைத்துவைத்திருந்த புல்லுக்கு வந்துவிட்டார். வந்தவர் நகரவில்லை. கால்விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்னபாஸ் அளவு டேப்பைச் சுருட்டினார்.

"இந்தச் சொட்டை எப்பம் மூடும்?" என்றார் அண்ணாச்சி.

"இன்னொரு வாளி தண்ணி இருந்தா மாசக் கடைசில மூடிரும்."

அவர் மாடிக்கு ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில், ஆளில்லாத அறையின் ஏசி உறுமத் தொடங்கியது. சண்முகத்தாய் நான்காவது வாளியைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.