மீன்கடை ஐஸும் டாக்டர் புனிதவதியும்

பிரிக்ஃபீல்ட்ஸில் டாக்டர் புனிதவதியைப் பார்க்கும் உறவுக்காரர்கள் எல்லோரும் காய்ச்சலுக்கு மருந்து கேட்பார்கள். அவர் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. மூளை நரம்பணுக்களுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்பை ஆராய்ந்தவர். ரயில்வே கிளார்க்கின் மகள். மருத்துவம் படிக்கச் சொன்ன வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு இதைப் படித்தவர். பல்கலைக்கழகத்தில் அவருடைய எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவன் நான், வேலாயுதம்.

எலி மூளையை வெளியே எடுத்த நொடியிலிருந்து எல்லா வேலையும் ஐஸ் மேல்தான் நடக்க வேண்டும். சூடு பட்டால் மைட்டோகாண்ட்ரியா கெட்டுவிடும். 1983இல் எங்கள் ஐஸ் மெஷின் படுத்துவிட்டது. புதியது கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நான் துறைமுகப் பக்கம் பண்டமாரானில் குடியிருந்தேன். அங்கே மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கும் கடையிலிருந்து தினமும் ஒரு பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அந்த ஐஸை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்தார்: நரம்பின் நுனியில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, மற்ற இடத்தில் இருப்பவற்றைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடுகின்றன. துறைத் தலைவர் பாலசுந்தரம் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிரித்தார். மீன் ஐஸில் எல்லாம் கெட்டுப்போயிருக்கும், நுனியைப் பற்றிய அந்த வரியை எடுத்தால் இதழுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டுரையே அந்த ஒரு வரிக்காகத்தான்.

புனிதவதி வாதாடவில்லை. மறுநாள் காலை ஒரு மூளையை வேண்டுமென்றே ஐஸ் இல்லாமல் மேசைமேல் விட்டார். கெட்டுப்போனால் நுனியில் இருப்பதும் மற்றதும் ஒன்றாகத்தான் செயலிழக்கும் என்று ஆறு முறை செய்து காட்டினார். மீன் ஐஸில் கெட்டிருந்தால் நுனி மட்டும் முதலில் சோர்ந்திருக்காது. அப்போதும் தலைவர் பேனாவைத் திறக்கவில்லை.

அந்தத் துறையில் யார் எழுதினாலும் தலைவர் பெயர் முதலில் வரும். அது எழுதப்படாத சட்டம். புனிதவதி தலைவர் பெயரும் இல்லாமல், கையெழுத்தும் இல்லாமல் கட்டுரையைத் தபாலில் சேர்த்தார். ஆய்வுக்கூடச் சாவி பறிபோனது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள்.

பதினொரு மாதம் கழித்து வெளிநாட்டு ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, சரிபார்க்கச் சொல்லி அச்சுத்தாளை அனுப்பியது. பாலசுந்தரம் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு புனிதவதியின் அறைக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். இன்னும் நேரம் இருக்கிறது, தன் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று குழைந்தார்.

புனிதவதி சாவியை வாங்கிக்கொண்டார். அச்சுத்தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“ரெண்டு பேரு இருக்கு, டாக்டர். ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு ஐஸ் தூக்கிட்டு வந்த வேலாயுதத்தோடது. மூணாவதா யாரும் வேலை செய்யல.”