எண்ணெய்க் கிணற்று ஊரில் கை நனைப்பு

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். பேத்தி செல்விக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கறம்பக்குடிப் பக்கம் வந்திருக்கிறேன். அந்த வீட்டுக் கொல்லையில் பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கப் போட்ட குழாய் துருப்பிடித்து நிற்கிறது. எண்ணெய் வந்த அன்று ஊரே குலவையிட்டு, அதிலேயே மாரியம்மனுக்கு விளக்குப் போட்டதாம். அந்தப் புகை அப்பிய கருவறைச் சுவர் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. எண்ணெய்க்காக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கழிவைக் குழியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பையன் நல்லவன். பெண் வீட்டார் இங்கே சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நான் இலையில் உட்காருகிறேன். பையனின் அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டாமல் நிற்கிறாள்.

"இருங்க ஆத்தா. இது வெலைக்கு வாங்குன தண்ணி. எங்க கெணத்துல எண்ணெ மெதக்குது. மாடுகூட மோந்துட்டுத் திரும்பிருது. மறைச்சுப் பொண்ணெடுத்தா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"நீயே இப்புடிச் சொன்னா ஒம்மகனுக்கு எவ தாயி பொண்ணு குடுப்பா?"

"முன்னாடி வந்தவுகளும் இதக் கேட்டுத்தான் எந்திரிச்சுப் போனாங்க."

"பொண்ணக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நானும் எழுந்திருக்கிறேன். அவள் நான் கை வைக்காத இலையை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செல்வி, நான் எழுத்துக்கூட்டி எழுதியதைச் சத்தமாக ஒரு தரம் படி. அந்த வீட்டில் குடம் தூக்கப் போகிறவள் நீ. பதிலையும் நீயே சொல்.